டோர்கல்சனை டெட்ராய்ட் ஏன் விட்டுவிடவில்லை? தடுமாறும் இளம் பேட்டரும் அணியின் பொறுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பால் பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் அடிக்காத ஒரு பையனை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டியதுதானே? இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் ஒன்றும் விளங்காது. அதனால் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஸ்பென்சர் டோர்கல்சனை எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் இடையிடையே வருவார்கள். கணக்கெல்லாம் 2025 சீசன் முடிவு வரை.

யார் இந்த டோர்கல்சன்?

கலிஃபோர்னியாவின் பெட்டலூமா ஊர்க்காரர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். அங்கே முதலாண்டு மாணவராக 2018-ல் 25 ஹோம்ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது) அடித்தார். அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கான பழைய சாதனை 11, அதை வைத்திருந்தவர் பாரி பாண்ட்ஸ். பேஸ்பாலில் அதிக ஹோம்ரன் அடித்த அதே பாண்ட்ஸ்தான். அப்படிப்பட்ட ஒருவரின் சாதனையை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியவரை யார் விடுவார்கள்? 2019-ல் 114 ஆட்டங்கள் தோற்று மேஜர் லீக் என்னும் உச்ச லீகிலேயே கடைசியாக நின்ற டெட்ராய்ட்டுக்கு 2020 ட்ராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் தேர்வு கிடைத்தது. அவரை எடுத்தார்கள், ஒப்பந்தத் தொகை 84 லட்சம் டாலருக்கும் மேல்.

சரி, வந்து என்ன செய்தார்?

வருடம் வருடமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு பேச வசதியாக இருக்கும். 2022-ல் சராசரி .203, ஹோம்ரன் 8, நடுவில் மைனர் லீகுக்கு, அதாவது கீழ்நிலை அணிக்கு, அனுப்பப்பட்டார். 2023-ல் .233, 31 ஹோம்ரன். 2024-ல் .219, 10 ஹோம்ரன், மறுபடி மைனர் லீக். 2025-ல் .240, மறுபடி 31 ஹோம்ரன். ஏறுவதும் இறங்குவதுமாக நான்கு வருடம்.

.203 என்றால் அவ்வளவு மோசமா?

கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆயிரம் தடவை அடிக்க நின்றால் 203 தடவை ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது), அதாவது ஐந்துக்கு ஒன்று. 2022-ல் மொத்த லீகின் சராசரியே .243 தான். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் இந்த விளையாட்டில் அது பெரிய பள்ளம். அதிலும் டோர்கல்சன் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவர். தடுப்பாட்டத்தில் மற்ற இடங்களைவிட வேலை சுலபமான இடம் அது, அங்கே நிற்பவரை அடிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். தடுப்பாட்டத்தில் கடினமான இடமான ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவர் .203 அடித்தால் பந்தைப் பிடித்தாவது கொடுக்கிறார் என்று மன்னிப்பார்கள். ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்கு அந்த மன்னிப்பு கிடையாது.

கல்லூரியில் அப்படி அடித்தவருக்கு மேலே வந்ததும் என்ன ஆயிற்று?

பலரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம், அவர் ட்ராஃப்ட் ஆன வருடம் கொரோனா வருடம். கல்லூரி சீசன் மார்ச்சிலேயே நின்றது. அந்த வருடம் மைனர் லீக் நடக்கவே இல்லை. 2021 ஒரே ஒரு சீசன், அதற்குள் மைனர் லீகின் ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ மூன்று படிகளையும் ஏறி 30 ஹோம்ரன் அடித்தார். அடுத்த ஏப்ரலில் டெட்ராய்ட்டின் தொடக்க ஆட்டத்தில் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கிறார். வேகமாக ஏறினார் என்று பாராட்டலாம். ஆனால் கீழே இருக்கும்போது தடுமாறி, தன்னைத் தானே சரிசெய்துகொண்டு வெளியே வரும் அனுபவம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்தப் பாடத்தை நாற்பதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில் படிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், மேலே, அதாவது மேஜர் லீகில், பந்து வீசும் பிட்ச்சர்கள் வேறு ரகம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய ஏறத்தாழ 0.4 விநாடிதான். அடிப்பதா விடுவதா என்று பாதி வழியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். கல்லூரியிலும் இந்த வேகம் உண்டு, ஆனால் எப்போதாவது ஒருவர். இங்கே தினமும், ஒருவர் களைத்தால் அடுத்தவர். அதோடு உங்கள் ஒவ்வொரு ஸ்விங்கின் வீடியோவும் எதிரணியிடம் இருக்கிறது. உயரமாக வரும் வேகப்பந்தில் தவறுகிறீர்கள் என்று ஒருவர் கண்டுபிடித்தால் ஒரே வாரத்தில் லீக் முழுக்க அதையேதான் போடுவார்கள், நீங்கள் சரிசெய்யும் வரை நிறுத்தவும் மாட்டார்கள்.

2022-ல் மைனருக்கு அனுப்பிவிட்டார்களே, அதை எப்படிப் பொறுமை என்பது?

நியாயமான கேள்வி. என் பதில்: அதுவும் பொறுமைதான், சொல்லப்போனால் பொறுமையின் முக்கால்வாசி அதுதான். ஒருவரைத் தினமும் களத்தில் இறக்கிவிட்டு, தானாகச் சரியாகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை நான் பொறுமை என்று சொல்லமாட்டேன். அது வேலையைத் தள்ளிப்போடுவது.

2022 ஜூலையில், சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைச் சமயத்தில், டோர்கல்சனின் சராசரி .200-க்கும் கீழே. டொலீடோவுக்கு அனுப்பினார்கள். டெட்ராய்ட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம், பக்கத்து ஒஹையோ மாநிலம், அங்கேதான் அவர்களுடைய ட்ரிபிள்-ஏ அணியான மட் ஹென்ஸ் இருக்கிறது. அங்கே ஸ்கோர்போர்டு யாருக்கும் உயிர் போகிற விஷயமில்லை. நிற்கும் விதத்தை மாற்றிப் பார்க்கலாம், மாற்றியதால் நாலு நாள் சொதப்பினாலும் மறுநாள் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும். மேலே அது நடக்காது. மேலே ஒவ்வொரு சொதப்பலும் மறுநாள் செய்தி. செப்டம்பரில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இஷ்டம்போல எத்தனை தடவை வேண்டுமானாலும் மேலேயும் கீழேயும் அனுப்பலாமா?

முடியாது. இந்த விதியைத் தெரிந்துகொண்டால் அணிகளின் பாதி முடிவுகள் புரிந்துவிடும். அணியின் 40 பேர் பட்டியலில் சேர்ந்த வீரரைப் பொதுவாக மூன்று சீசன்களில்தான் தடையில்லாமல் மைனருக்கு அனுப்ப முடியும். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். ஒரு சீசனில் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால் ஓர் ஆப்ஷன் செலவு. ஒரே சீசனுக்குள் ஐந்து தடவைக்கு மேல் அனுப்பவும் 2022 முதல் தடை. மூன்றும் தீர்ந்த பிறகு அனுப்ப வேண்டும் என்றால் முதலில் மற்ற எல்லா அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். யாராவது எடுத்துக்கொண்டால் போயே போச்சு.

ஆக, ஓர் அணி "இவர்மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று சொல்லும்போது ஆப்ஷன் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தீர்ந்துவிட்டது என்றால் அந்த நம்பிக்கைக்கு வேறு வழியில்லாமை என்றும் ஒரு பொருள் உண்டு.

2023-ல் 31 ஹோம்ரன் அடித்தாரே, பிறகு மறுபடி எப்படி விழுந்தார்?

2023 நடந்தபோது எல்லோரும் கதை முடிந்தது, பையன் தேறிவிட்டான் என்றே நினைத்தார்கள். 159 ஆட்டம், 94 ரன்களை உள்ளே கொண்டுவந்தார், பந்தைப் பலமாக அடிப்பவர்கள் வரிசையில் லீகிலேயே மேலே இருந்தார். 2024 தொடங்கியதும் எல்லாம் காணாமல் போனது. ஜூன் தொடக்கத்தில் சராசரி .201, ஹோம்ரன் வெறும் 4. மறுபடி டொலீடோ. இந்தத் தடவை ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கேயே.

என்னைக் கேட்டால் 2022-ஐவிட இதுதான் கடினமான முடிவு. முதல் தடவை அனுப்பும்போது அனுபவமில்லாத பையன் என்று சொல்லிக்கொள்ளலாம். 31 ஹோம்ரன் அடித்துக் காட்டிய ஒருவரை அடுத்த வருடமே பஸ்ஸில் ஏற்றும்போது அந்தச் சமாதானம் செல்லாது. ஆனால் அவர் அப்போது வெறுமனே துரதிருஷ்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. பந்தை அடிக்கும் பலமே முந்தைய வருடத்தைவிடக் குறைந்திருந்தது. மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்) ஏ.ஜே. ஹிஞ்ச் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவர், அவருக்கு இது சராசரி எண்ணைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

துரதிருஷ்டம், நிஜமான சரிவு, இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

இது கொஞ்சம் நீளும்.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சீசனில் 500 தடவை அடிக்க நிற்கிறார் என்று வையுங்கள். .250 அடிப்பவருக்கு 125 ஹிட், .280 அடிப்பவருக்கு 140. சுமாரான பேட்டருக்கும் நல்ல பேட்டருக்கும் நடுவில் 15 ஹிட், அதுவும் ஆறு மாதத்தில். மாதத்துக்கு இரண்டரை. ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போன இரண்டு பந்து, காற்று கொஞ்சம் உதவியிருந்தால் வெளியே போயிருக்கக்கூடிய ஒன்று, அவ்வளவுதான். ஆகவே பத்து நாள் கணக்கை வைத்து எந்த நல்ல அணியும் ஒருவர் தலைவிதியை எழுதாது. மிக நல்ல பேட்டருக்கும் பத்து நாள் வறட்சி சீசனில் ஓரிரு தடவை வந்தே தீரும்.

பிறகு எதைப் பார்க்கிறார்கள்? பந்து மட்டையைவிட்டுக் கிளம்பும் வேகம், எந்தக் கோணத்தில் கிளம்புகிறது, வெளியே போகும் பந்தைத் துரத்துகிறாரா, ஸ்விங் செய்ததில் எத்தனை பந்து மட்டையில் படவே இல்லை. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் இதை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. மணிக்கு 95 மைலுக்கு மேல் கிளம்பினால் பலமான அடி என்று வைத்துக்கொள்கிறார்கள். பலமான அடிகள் நேராக ஃபீல்டர் கைக்குப் போகின்றன என்றால் விடு, நடக்கும். பலமே இல்லை, கூடவே ஸ்ட்ரைக்கவுட்டும் (மூன்று தடவை பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழப்பது) ஏறுகிறது என்றால் அங்கே நிஜமாகவே ஏதோ உடைந்திருக்கிறது.

டெட்ராய்ட்டில் இன்னொரு சின்னச் சிக்கலும் இருந்தது. கொமெரிகா பார்க் மைதானத்தின் நடுப்பகுதி ரொம்ப ஆழம், 422 அடி. நடுவில் தூக்கி அடித்த பல பந்துகள் அங்கே கேட்சாக முடியும். 2023-க்கு முன் அந்தச் சுவரைப் பத்து அடி உள்ளே கொண்டுவந்து 412 ஆக்கினார்கள். டோர்கல்சனின் 31 ஹோம்ரனுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை, மற்ற மைதானங்களோடு ஒப்பிட்டால் 412-ம் ஆழம்தான்.

84 லட்சம் டாலர் கொடுத்தாயிற்று, அதனால்தான் விட மனசில்லை. இவ்வளவுதானே?

கொஞ்சம் உண்மை, முழு உண்மை இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான், வைத்திருந்தாலும் திரும்பி வராது. இதைவிட முக்கியம், இளம் வீரர் மலிவு. முதல் மூன்று வருடங்களுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தால் போதும், 2025-ல் அது 7,60,000 டாலர். நமக்குப் பெரிய தொகை, ஆனால் வெளிச் சந்தையில் 30 ஹோம்ரன் அடிக்கும் ஒருவரை எடுக்கக் கோடிக்கணக்கான டாலர் வேண்டும். முழுதாக ஆறு வருடம் மேஜர் லீகில் முடிந்தால்தான் வீரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போகமுடியும். ஆகவே காத்திருக்க அணிக்கு ஆகும் செலவு குறைவு.

வீரருக்கு அப்படியில்லை. கீழே இருக்கும் நாள்கள் அந்த ஆறு வருடக் கணக்கில் சேராது, அந்த நாள்களுக்குச் சம்பளமும் பல மடங்கு குறைவு. அணியின் பொறுமை என்று நாம் புகழும்போது அதற்கான பில்லில் ஒரு பகுதியை அந்தப் பையனும் கட்டுகிறான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. டோர்கல்சனைத் தேர்ந்தெடுத்த பொது மேலாளர் அல் அவிலாவை 2022 ஆகஸ்டில் நீக்கிவிட்டார்கள். அடுத்து வந்த ஸ்காட் ஹாரிஸுக்கு இவர்மேல் எந்தக் கடமையும் இல்லை, நான் எடுத்த பையன் என்ற கௌரவப் பிரச்சினையும் இல்லை. அவரும் விற்றுவிடவில்லை. சரிந்து கிடக்கும்போது விற்றால் ஒன்றும் கிடைக்காது என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

2025-ல் அவருக்கு இடமே இல்லை என்றார்களே?

ஆமாம், எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2024 டிசம்பரில் க்ளைபர் டாரஸை ஒரு வருடத்துக்கு 1.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அவர் செகண்ட் பேஸ். அங்கே இருந்த கோல்ட் கீத்தை ஃபர்ஸ்ட் பேஸுக்கு நகர்த்துவது திட்டம். ஃபர்ஸ்ட் பேஸில் இருந்த டோர்கல்சன்? வெளிப்படையாக யாரும் துரத்தவில்லை, ஆனால் உட்கார நாற்காலி இல்லை. பயிற்சி முகாமுக்கு வந்தவர் ரைட் ஃபீல்டிலும் நின்று பழகினார், அதுவரை அவருக்குச் சம்பந்தமே இல்லாத இடம்.

முகாமில் நன்றாக அடித்தார். அதே சமயம் பார்க்கர் மெடோஸ், மாட் வீர்லிங், வென்சீல் பெரெஸ் என்று வெளிக்களத்து ஆள்கள் வரிசையாகக் காயமடைந்தார்கள். இடம் கிடைத்தது. கிடைத்ததும் அவர் விடவில்லை, 155 ஆட்டம், 31 ஹோம்ரன், சராசரி .240. பெரும்பாலும் தன் பழைய ஃபர்ஸ்ட் பேஸிலேயே.

இதில் அணியின் பங்கு என்ன? உன்னை விற்கமாட்டோம், ஆனால் உனக்காக இடத்தைக் காலியாகவும் வைத்திருக்கமாட்டோம். நான் பொறுமை என்று சொல்வது இதைத்தான். காயங்கள் வராவிட்டால் ஏப்ரலில் அவர் எங்கே இருந்திருப்பார் என்று கேட்டால், டொலீடோவில் இருந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். அதை மறைத்து, பார்த்தீர்களா டெட்ராய்ட்டின் தொலைநோக்கு என்று எழுதுவது மிகை.

வில்லி மேஸ் அழுத கதை உண்மையா?

உண்மை. 1951 மே மாதம், நியூயார்க் ஜயன்ட்ஸ், 20 வயதுப் பையன். மைனர் அணியான மினியாப்பொலிஸில் 35 ஆட்டங்களில் .477 அடித்துவிட்டு மேலே வந்தவர், வந்ததும் முதல் 12 தடவையும் ஹிட் இல்லை. 13-ஆவதில் வாரன் ஸ்பானின் பந்தில் ஹோம்ரன். சரி, இனி ஓடும் என்று பார்த்தால் மறுபடி வறட்சி, மொத்தம் 26-க்கு 1. உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டு, என்னைக் கீழே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் லியோ டுரோஷர், நான் இங்கே இருக்கும்வரை சென்டர் ஃபீல்டில் நீதான் என்று சொல்லிவிட்டார்.

இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் டுரோஷர் கூடவே காற்சட்டையை மேலே இழுத்துக் கட்டு என்றும் சொன்னார் என்பார்கள். காற்சட்டை தழைந்து கிடந்தால் முழங்கால் கீழே இருப்பதுபோலத் தெரியும், நடுவர் கீழே வரும் பந்துகளையும் ஸ்ட்ரைக், அதாவது அடித்திருக்க வேண்டிய பந்து, என்று கொடுத்துவிடுவார். ஆறுதல் ஒரு வரி, உடனே செய்யக்கூடிய ஒரு வேலை. அந்த வருடம் மேஸ் .274, 20 ஹோம்ரன், ஆண்டின் சிறந்த புதுமுகம்.

அதே 1951, அதே நியூயார்க், இன்னொரு அணி. யாங்கீஸின் மிக்கி மேன்டலை ஜூலையில், அப்போது அவர்களுடைய மைனர் அணி இருந்த கான்சஸ் சிட்டிக்குக் கீழே அனுப்பினார்கள். அங்கேயும் அடிக்க முடியாமல், விட்டுவிடுகிறேன் என்று அப்பாவைக் கூப்பிட்டார். ஓக்லஹாமாவின் சுரங்கத் தொழிலாளியான அப்பா நேரில் வந்து, சரி, கிளம்பு, என்னோடு சுரங்கத்தில் வேலை பார் என்று பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாராம். மேன்டல் கிளம்பவில்லை. ஒருவரை மேலேயே வைத்திருந்தார்கள், ஒருவரைக் கீழே அனுப்பினார்கள், இருவரும் பேஸ்பாலின் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். எது சரியான முறை என்று கேட்பவர்களுக்கு நான் வேறு என்ன சொல்ல?

ஒரு முழு சீசன் மோசமாக ஆடியும் கீழே அனுப்பாமல் வைத்திருந்து பலன் கிடைத்தது உண்டா?

மைக் ஷ்மிட். 1973, ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ், 132 ஆட்டம், சராசரி .196, ஸ்ட்ரைக்கவுட் 136. ஆனால் அந்த .196-க்குள்ளேயே 18 ஹோம்ரன் இருந்தது. பந்து பட்டால் பறக்கிறது, படுவதுதான் அரிது என்ற நிலை. அடுத்த வருடமே 36 ஹோம்ரன், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே அதிகம். ஓய்வு பெறும்போது மொத்தம் 548.

குறுகிய காலத்துக்கு நல்ல உதாரணம் பாஸ்டனின் டஸ்டின் பெட்ரோயா. 2007 ஏப்ரலில் .182, ஊரே மாற்றச் சொன்னது, மாற்று ஆளாக அலெக்ஸ் கோரா பெஞ்சில் தயாராக இருந்தார். மேனேஜர் டெரி ஃப்ராங்கோனா அசையவில்லை. சீசன் முடிவில் பெட்ரோயா .317, சிறந்த புதுமுகம், கையில் உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதிப் போட்டி) கோப்பை, அடுத்த வருடம் இன்னொரு பிரிவான அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த வீரர்.

பொறுமை தோற்றதே இல்லையா?

நிறைய. அவை கதையாக மாறுவதில்லை, அவ்வளவுதான்.

ஏஞ்சல்ஸின் பிராண்டன் வுட் 2005-ல் மைனரில் ஒரே அணிக்காக 43 ஹோம்ரன் அடித்தவர். வருடக்கணக்கில் மேலும் கீழுமாக இழுத்தடித்து, 2010-ல் ஆப்ஷன் தீர்ந்த பிறகு தர்ட் பேஸை அவரிடம் கொடுத்தார்கள். 81 ஆட்டம், சராசரி .146. அடுத்த ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். சியாட்டிலின் ஜாரட் கெலெனிக் 2021-ல் மேலே வந்து 39 தடவை தொடர்ந்து ஹிட் இல்லாமல் போனார். அந்த வருடம் .181, அடுத்த வருடம் .141. 2023 ஜூலையில் ஸ்ட்ரைக்கவுட் ஆன கோபத்தில் டக்அவுட்டில் தண்ணீர் கூலரை உதைத்துப் பாதத்து எலும்பை உடைத்துக்கொண்டார். அந்த டிசம்பரில் அட்லாண்டாவுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். சியாட்டில் பொறுமையில்லாத அணி என்று யாரும் சொல்ல முடியாது, மூன்று சீசன் கொடுத்தார்கள்.

ஜாக்சன் ஹாலிடேயைப் பத்தே ஆட்டத்தில் அனுப்பினார்களே, அது அவசரமில்லையா?

2024 ஏப்ரல், பால்டிமோர், 20 வயது, 2022 ட்ராஃப்டின் முதல் தேர்வு. 34 தடவைக்கு 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்கவுட். 34 தடவை என்பது சராசரி பேச மிகவும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்ட்ரைக்கவுட் வேறு விஷயம், அதில் ஃபீல்டரோ காற்றோ அதிர்ஷ்டமோ இல்லை, பாதிக்கு மேல் அப்படி ஆட்டமிழந்தால் பந்தே பிடிபடவில்லை என்று அர்த்தம். பால்டிமோர் அப்போது பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்த அணி வேறு. அனுப்பியது சரி என்பதே என் கட்சி. ஜூலை கடைசியில் திரும்பி வந்த அன்றே முதல் ஹோம்ரன், அதுவும் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது.

தோற்கிற அணிக்குப் பொறுமை சுலபம், ஜெயிக்கிற அணியால் முடியுமா?

சுலபம்தான். 2022 டெட்ராய்ட் 96 ஆட்டம் தோற்றது, அங்கே ஒருவர் .203 அடித்தால் என்ன, .250 அடித்தால் என்ன. 2024-ல் நிலைமை வேறு. ஆகஸ்டில் டோர்கல்சன் திரும்பி வந்தபோது அணி ப்ளேஆஃபுக்கு (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) வெகுதூரத்தில் இருந்தது, அதற்குப் பிறகு எடுத்த ஓட்டத்தில் 86 வெற்றியோடு 2014-க்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே நுழைந்தது. திரும்பிய பிறகு அவர் அடித்தது 6 ஹோம்ரன். ஓட்டத்துக்கு அவர்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இடைஞ்சலாகவும் இல்லை.

ஜெயிக்கும் அணி பொறுத்ததற்கு கான்சஸ் சிட்டி ராயல்ஸைப் பாருங்கள். 2007 ட்ராஃப்டின் இரண்டாவது தேர்வு மைக் முஸ்டாகஸ். 2014 மே மாதம் .152 என்று தவித்தவரை மைனர் அணி இருக்கும் ஒமஹாவுக்கு அனுப்பி, சீக்கிரமே திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த அக்டோபரில் ப்ளேஆஃபில் 5 ஹோம்ரன். அதே அணியில் அலெக்ஸ் கோர்டன், 2005-ன் இரண்டாவது தேர்வு, தர்ட் பேஸில் தடுமாறியவரை 2010-ல் கீழே அனுப்பி லெஃப்ட் ஃபீல்டராக மாற்றினார்கள். 2011-ல் .303, 23 ஹோம்ரன், தடுப்பாட்டத்துக்குக் கோல்ட் க்ளவ் விருது. 2015 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், தோற்கும் நிலையில் சமன் செய்த ஹோம்ரன் இவருடையது. அந்தக் கோப்பை ராயல்ஸுக்கே.

மைதானத்தில் கூச்சல் போட்டால் பையனுக்கு உறைக்காதா?

அடிக்கத் தெரிந்தும் அடிக்காமல் இருக்கிறான் என்று நினைப்பவர்கள்தான் கூச்சல் போடுவார்கள். போடட்டும், டிக்கெட் அவர்கள் காசு.

அப்படியானால் எப்போது கைவிடலாம்?

சூத்திரம் கிடையாது. நான் பார்ப்பது மூன்று. வயது: 22-ல் தடுமாறுவதும் 27-ல் தடுமாறுவதும் ஒன்றல்ல. ஒரே ஓட்டையில் மூன்றாவது வருடமும் விழுகிறாரா, இல்லை ஒன்றை அடைத்த பிறகு அடுத்தது திறக்கிறதா: இரண்டாவது ரகம் என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கடைசியாக, அவர் இடத்தில் யார் வருவார்: பின்னால் ஆளே இல்லாத அணி பொறுமை பற்றி எவ்வளவு பேசினாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது டோர்கல்சன் நட்சத்திரமா?

இல்லை. 2020-ல் டெட்ராய்ட் கனவு கண்ட ஆள் இவர் இல்லை. .240 அடிக்கும், நிறைய ஸ்ட்ரைக்கவுட் ஆகும், வருடத்துக்கு 30 ஹோம்ரன் தரக்கூடிய ஃபர்ஸ்ட் பேஸ்காரர். 2025-ல் அந்த அணியின் முதல் ஹோம்ரன் ஆள்கூட அவர் இல்லை, 36 அடித்த ரைலி கிரீன்தான். அணி 87 வெற்றியோடு ப்ளேஆஃபுக்குப் போய், க்ளீவ்லாண்டை வென்று, சியாட்டிலிடம் ஐந்தாவது ஆட்டத்தில் 15 இன்னிங்ஸ் வரை இழுத்து 3-2 என்று தோற்றது. டோர்கல்சனுக்கு அப்போது 26 வயது. 2024-லும் 31 அடிப்பார் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள், ஆகவே அடுத்த ஏப்ரலில் அவர் மறுபடி .190-ல் நின்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது, டெட்ராய்ட்டுக்கும் இருக்காது.